இரண்டு பாலிமர் நிஜமாகவே கலந்ததா? பார்ப்பது எப்படி

இரண்டு பாலிமரைக் கரைத்து ஊற்றிக் காயவைத்தீர்கள், ஃபிலிம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்துவிட்டது. உடனே நோட்டில் "கலந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். பிரிந்து கிடக்கும் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட ரொம்பச் சின்னதாக இருந்தாலோ, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலோ ஃபிலிம் தெளிவாகத்தான் தெரியும். மங்கலாக இருந்தாலும் அவசரப்படக் கூடாது. ஈரப்பதம் அதிகமான நாளில் கரைப்பான் ஆவியாகும்போது ஃபிலிம் குளிர்ந்து, காற்றிலிருக்கும் நீர் அதன்மேல் படிந்தே வெளுத்துப் போகும்.

பாலிமர்கள், அதாவது நீளமான சங்கிலி மூலக்கூறுகள், பொதுவாக ஒன்றோடொன்று கலக்காது. சின்ன மூலக்கூறுகள் கலந்தால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு, அது கூடுவது கலப்புக்கு உதவும்) நிறையக் கூடும், நீளமான சங்கிலிகளில் அந்த லாபம் அற்பம். லேசாக ஒத்துப்போகவில்லை என்றால்கூடப் பிரிந்துவிடும்.

பழகுவதற்கு பாலிஸ்டைரீனையும் பாலிஃபினைலீன் ஆக்சைடையும் எடுங்கள், எந்த விகிதத்திலும் கலக்கிற அபூர்வ ஜோடி. எடைக்கு எடை சமமாக எடுத்து, டொலுவீனில் சுமார் 5 சதவீதக் கரைசலாக்கி, இரவு முழுக்கக் கலக்கவிட்டு, ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கி அறைக்குள்ளேயே (fume hood) கண்ணாடித் தட்டில் ஊற்றுங்கள். தட்டை லேசாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள், அப்புறம் வேக்குவம் அவனில் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். காய்வதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: உள்ளே கொஞ்சம் டொலுவீன் தங்கினாலும் கண்ணாடிநிலை வெப்பநிலை (கண்ணாடிபோல விறைத்திருக்கும் பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை), அதாவது டீஜி, கீழே இறங்கிவிடும், நீங்கள் அதைப் பாலிமரின் குணம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்தது டிஎஸ்சி, மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே அது வாங்கும் வெப்பத்தை வளைவாக வரையும் கருவி; டீஜி அந்த வளைவில் ஒரு படியாகத் தெரியும். 5 முதல் 10 மில்லிகிராம், அலுமினியக் கிண்ணத்தின் அடியில் படியும்படி தட்டையாக, நைட்ரஜன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 10 டிகிரி. 240 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, குளிரவைத்து, மறுபடி சூடாக்குங்கள். முதல் வளைவில் ஃபிலிமின் பழைய கதையெல்லாம் இருக்கும், படிக்க வேண்டியது இரண்டாவது வளைவை. பாலிஸ்டைரீனின் டீஜி சுமார் 100, மற்றதன் டீஜி சுமார் 210. கலவையின் டீஜியைக் கணிக்கும் பாக்ஸ் சமன்பாட்டில் போட்டால் பாதிக்குப் பாதி கலவைக்கு 148 டிகிரி வரும் (கெல்வினில் போடுங்கள், செல்சியஸில் போட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய). அதன் அருகே ஒரே படி தெரிந்தால் கலந்திருக்கிறது. 100 அருகே ஒன்று, 210 அருகே ஒன்று என்றால் கலக்கவில்லை. இரண்டு படிகள் நடுப்பக்கம் நகர்ந்திருந்தால் அரைகுறைக் கலப்பு.

இந்த "இரண்டாவது வளைவு" விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈதரும் சேர்ந்த கலவை டொலுவீனிலிருந்து ஊற்றினால் தெளிவாக வரும், குளோரோபார்மிலிருந்து ஊற்றினால் மங்கலாக வரும். அந்தத் தெளிவான ஃபிலிமையும் ஓர் அளவுக்கு மேல் சூடாக்கினால் பிரிந்துவிடும், ஆறினால் பிரியாமல் சூடானால் பிரிகிற ரகம் அது! முதல் ஓட்டத்திலேயே நீங்கள் அதைப் பிரித்துவிட்டு, இரண்டாவது வளைவைப் பார்த்து "கலக்கவில்லை" என்று எழுதக்கூடும். ஒரு துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, எங்கே மங்குகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, டிஎஸ்சியை அதற்குக் கீழேயே நிறுத்துங்கள்.

பாலிஸ்டைரீன், பிஎம்எம்ஏ (பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்) ஜோடிக்கு டிஎஸ்சி உதவாது. ஒன்றுக்கு 100, இன்னொன்றுக்கு 105 என்றால் இரண்டு படியும் ஒன்றாகவே தெரியும். அங்கே மெல்லிய ஃபிலிமை சைக்ளோஹெக்சேனில் கழுவி, பாலிஸ்டைரீன் மட்டும் கரைந்துபோன குழிகளை நுண்ணோக்கியில் தேடுங்கள்.