பிடுங்கியது பல்லை, வலித்தது நரம்பு

பிரஷ்ஷை வாயருகே கொண்டுபோகும்போதே கை நடுங்கும். வலது கன்னத்தில் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. சில நொடிதான், உயிர் போய்த் திரும்பும். ஃபேன் காற்று பட்டாலும் அதே கதை. பல் வலி என்றே நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டேன். வலி மட்டும் அங்கேயே இருந்தது. அந்தப் பற்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நரம்பியல் டாக்டர்தான் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்தின் உணர்வு நரம்பில் வரும் வலி என்றார். கார்பமாசெபைன் மாத்திரைக்கு முதலில் நன்றாகவே கேட்டது. டோஸ் ஏற ஏறத் தூக்கம், தள்ளாட்டம். ரத்தத்தில் சோடியம் வேறு இறங்கியது. எம்.ஆர்.ஐ.யில், மூளைத்தண்டிலிருந்து நரம்பு கிளம்பும் இடத்தில் ஒரு தமனி அழுத்துவது தெரிந்தது. அது துடித்துத் துடித்து இடித்ததில் நரம்பின் மேலுறை தேய்ந்துவிட்டதாம். ஒயர் தோல் உரிந்த கதைதான்.

மைக்ரோவாஸ்குலர் டிகம்ப்ரஷன் என்ற ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். 1960களில் அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜனெட்டா வளர்த்தெடுத்த முறை. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னத் திறப்பு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தமனியை விலக்கி, நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். நரம்பை வெட்டுவதில்லை, அதனால்தான் சம்மதித்தேன். காது மந்தமாகலாம், மூளைநீர் கசியலாம், வலி திரும்பவும் வரலாம் என்று சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள்.

விழித்ததும் நாக்கால் ஈறைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தலைவலியும் குமட்டலும் நாலைந்து நாள் இருந்தன. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூன்றாவது வாரம், கத்தி படவே பயந்து வளர்த்த ஆறு மாதத் தாடியை எடுத்தேன்.