செங்கல் குடிக்கும் தண்ணீர்: கல் எடுப்பதிலிருந்து சுவர் ஆறும் வரை

சுட்ட களிமண் தண்ணீரில் கரையாது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். செங்கல் வேலையில் வரும் பெரும்பாலான தொல்லைகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அளவுக்கு மீறிக் குடிக்கும் கல்லில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறும். காய்ந்த கல்லை அப்படியே வைத்தால் கலவையில் இருக்கும் நீரை உறிஞ்சிச் சிமெண்டைப் பட்டினி போடும். நீர் சொட்டச் சொட்ட வைத்த கல்லோ கலவை மேல் வழுக்கும். கல் எவ்வளவு குடித்திருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்து வேலை செய்தால், சுவர் பாதி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லைப் பார்த்து எடுப்பது

அடுக்கின் மேல்வரிசையை மட்டும் பார்த்துத் தலையாட்டக் கூடாது. மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு கற்களை உருவி எடுங்கள். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, அல்லது வேக்காடு போதவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தட்டையாகத் தரையில் போட்டால் உடையக் கூடாது. பிறகு ஒரு கல்லை வேண்டுமென்றே உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே நிறமாக, ஒரே நெருக்கமாக இருக்க வேண்டும்.

அந்த உடைந்த முகத்தில் வெள்ளைக் கட்டி தென்பட்டால் எச்சரிக்கை. மண்ணில் கிடந்த சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாக மாறியிருக்கும். தண்ணீர் பட்டதும் அது நீர்த்து உப்பும். பூசி வெள்ளையடித்த பிறகு சுவரில் காசளவு சில்லு சில்லாகப் பூச்சு தெறித்து விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளிறிய கல் வேகாத கல். கறுத்து முறுக்கிக்கொண்டு கண்ணாடி போல் மினுங்குவது அளவுக்கு மீறி வெந்தது. வேகாததை வெளிச்சுவரிலும் அடித்தளத்திலும் வைக்கவே கூடாது. அதிகம் வெந்தது பலமானதுதான், ஆனால் கலவை அதில் ஒட்டாது, கோணல் கல் மட்டத்தையும் கெடுக்கும். அதை உடைத்து ஜல்லியாக்கிக் கொள்ளலாம்.

குடிக்கும் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு தராசு போதும். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கட்டுமானக் கல்லில் கூடுதல் எடை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 3 கிலோ கல், ஊறிய பின் 3.6 கிலோவுக்குள் நிற்க வேண்டும். உப்பு இருக்கிறதா என்று பார்க்க, அகலமான தட்டில் 25 மி.மீ. ஆழத்துக்கு நீர் விட்டு, கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நீர் முழுக்க வற்றியதும் இன்னொரு முறை அதே அளவு விட்டு வற்ற விடுங்கள். கல்லின் முகத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் மெல்லிய வெண்படலம் என்றால் பரவாயில்லை. பாதிக்கு மேல் பூத்தால் அந்தக் கல் வேண்டாம்.

அளவையும் ஒரு முறை பாருங்கள். 230 மி.மீ. நீளக் கல் என்றால் இருபது கற்களை இடைவெளியின்றி வரிசையாக வைக்கும்போது 4.6 மீட்டர் வர வேண்டும். எட்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ ஒவ்வொரு வரியிலும் (கல் வரிசையிலும்) இணைப்பை, அதாவது கற்களுக்கு இடையில் கலவை நிரம்பும் இடைவெளியை, இழுத்தும் குறுக்கியும் சமாளிக்க வேண்டியிருக்கும். அதில் வீணாவது கலவை.

எத்தனை கல், எவ்வளவு கலவை

230 × 110 × 75 மி.மீ. கல், 10 மி.மீ. இணைப்பு என்று எடுத்துக்கொண்டால், இணைப்போடு ஒரு கல்லின் முகம் 240 × 85 மி.மீ. ஆகவே நாலரை அங்குலச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 49 கற்கள். ஒன்பது அங்குலச் சுவரில் 98. உடைசலுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் பத்துச் சதுர மீட்டருக்கு, 1:6 கலவையில் (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்), 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய மூன்றும் மணல் 0.6 கன மீட்டரும் பிடிக்கும். கல்லின் அளவு மாறினால் இந்தக் கணக்கும் மாறும். கையில் இருக்கும் கல்லை அளந்து போடுங்கள்.

ஊற வைப்பது

வேலை நடக்கும் இடங்களில் பெரும்பாலும் அடுக்கின் மேல் குழாயைப் பீய்ச்சிவிட்டு ‘நனைச்சாச்சு’ என்பார்கள். மேல்வரிசை நனையும், உள்ளே இருப்பது காய்ந்தபடியே இருக்கும். தொட்டியில் மூழ்க வைப்பதுதான் சரியான முறை. கல்லிலிருந்து காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை ஊற வேண்டும். நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதைவிடக் குமிழியைப் பார்ப்பது நம்பகமானது. பிறகு வெளியே எடுத்து அடுக்கி, மேற்பரப்பில் மினுங்கும் நீர் மறையும் வரை வடிய விடுங்கள். உள்ளே ஈரம், வெளியே காய்ச்சல்: இந்தப் பதத்தில்தான் கலவை பிடிக்கும்.

சுண்ணாம்புக் கட்டி உள்ள கற்கள் சிலவும் இந்தத் தொட்டியிலேயே வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சுவரில் வெடிப்பதைவிட அது நல்லது.

ஊற வைக்கத் தேவையா என்றே சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. கல்லின் தட்டை முகத்தில் 25 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருபது சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முழுவதும் உள்ளே போய்விட்டால் கல் தாகத்தோடு இருக்கிறது, ஊற வைக்க வேண்டும். நீர் மேலேயே நின்றால் அப்படியே வைக்கலாம்.

இது சுட்ட செங்கல்லுக்கான விதி. சிமெண்டால் செய்த கட்டைகளுக்கு இது பொருந்தாது. ஊறினால் விரியும், சுவரில் காய்ந்ததும் சுருங்கும். சுவர் விரிசல் விடும். அவற்றின் முகத்தை இலேசாக நனைத்தால் போதும்.

கலவை

ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6, நாலரை அங்குலச் சுவருக்கு 1:4. சிமெண்டை அள்ளிப்போட்டால் சுவர் பலமாகும் என்று நினைப்பது தவறு. அதிக சிமெண்ட் அதிகமாகச் சுருங்கும். கல்லைவிடக் கலவை கடினமாக இருந்தால், சுவர் அசையும்போது விரிசல் இணைப்போடு நிற்காமல் கல்லையே பிளந்துகொண்டு போகும்.

மணலை ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி போட்டு, உப்புக் கலந்த தண்ணீர் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். ஈர மணல் உப்பிக்கொண்டு அதிக இடம் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு சட்டி ஈர மணல் உண்மையில் ஐந்து சட்டி காய்ந்த மணலாகத்தான் இருக்கலாம்.

தண்ணீர் விட்ட கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்கப் பாருங்கள். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் பார்க்கப் புதிதாகத் தெரியும், பிடிப்பு வராது. மதிய இடைவேளைக்கு முன் கலவை போடாமல் இருப்பதே இதற்கு எளிய வழி.

வரி ஏற்றுவது

முதல் வரியைக் கலவை இல்லாமல் வைத்துப் பாருங்கள். எங்கே வெட்டுக்கல் வரும், கதவு நிலை எங்கே விழும் என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு இரண்டு மூலைகளையும் நான்கைந்து வரி உயர்த்தி, இடையில் நூல் கட்டி நிரப்புங்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் மூலையில் சரியாக இருந்தால் இடையில் நூல் பார்த்துக்கொள்ளும். 85 மி.மீ.க்கு ஒரு கோடாகக் குறித்த கம்பு ஒன்றை மூலையில் வைத்துப் பார்த்தால் நாலு வரி 340 மி.மீ. வருகிறதா என்று உடனே தெரியும்.

பள்ளம் உள்ள கல்லைப் பள்ளம் மேலே பார்க்க வையுங்கள். கவிழ்த்தால் கலவை உள்ளே நிரம்பாமல் பொந்து நிற்கும். ஒரு வரியின் நெட்டிணைப்பு (இரு கற்களுக்கு இடையிலுள்ள செங்குத்து இணைப்பு) கீழ்வரியின் நெட்டிணைப்பிலிருந்து குறைந்தது கால் கல் தள்ளி விழ வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு வரி நெடுக்குக்கல் (சுவரின் நீளவாக்கில்), அடுத்த வரி குறுக்குக்கல் (சுவரின் குறுக்காக) என்று வைத்து, குறுக்கு வரியின் மூலைக்கல்லை அடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த கல்லைச் செருகினால் இந்த விலகல் தானாக வந்துவிடும்.

அதிகம் கவனம் பெறாத இடம் நெட்டிணைப்பு. பக்கவாட்டில் கலவை பூசாமல் கல்லை வைத்துவிட்டு, மேலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டால் வெளியே நிரம்பியது போலத் தெரியும், உள்ளே வெற்றிடம். மழைநீர் அந்த வழியாகத்தான் உள்சுவருக்கு வருகிறது. கல்லின் தலையில் (அடுத்த கல்லைத் தொடும் பக்க முகத்தில்) கலவை பூசி, நகர்த்தி அழுத்தி, கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டி உட்கார வையுங்கள். உட்கார்ந்து இறுகிய கல்லை நூலுக்குச் சரியாக்க மறுபடி தட்டக் கூடாது, பிடிப்பு அறுந்துபோகும். கோணலாகிவிட்டால் எடுத்து, பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

ஒரு நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். கீழ்வரிக் கலவை பச்சையாக இருக்கும்போது பாரம் தாங்காமல் பிதுங்கும். அன்றைய வேலையைப் படிக்கட்டுப் போலச் சரித்து நிறுத்துங்கள். செங்குத்தாக வெட்டியது போல நிறுத்தினால் மறுநாள் சேரும் இடத்தில் விரிசல் விடக்கூடும். பூச்சு வருகிற சுவரானால், கலவை இறுகும் முன் இணைப்புகளைப் பத்து மி.மீ. ஆழம் சுரண்டி விடுங்கள்.

தரைமட்டத்துக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. உயரத்தில், சுவரின் முழு அகலத்துக்கும் ஓதத்தடுப்பு, அதாவது நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு, ஓட வேண்டும். பிற்பாடு திண்ணைக்கோ தோட்டத்துக்கோ மண் கொட்டி அந்த உயரத்தை மூடிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. பீமுக்கு அடியில் வரும் கடைசி வரியை அதே நாளில் இறுக்கி அடைக்காமல், சுவர் சுருங்கி அடங்கச் சில நாள் விட்டுப் பிறகு அடையுங்கள்.

நீராட்டுவது

கட்டிய மறுநாளிலிருந்து ஏழு நாள் சுவர் காயாமல் இருக்க வேண்டும். பீய்ச்சி அடித்தால் பச்சை இணைப்பு கரையும், தூறலாகத் தெளியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை நிறைய ஊற்றுவதைவிட, காயும் முன் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை தெளிப்பது மேல். வெயில் கடுமையென்றால் ஈரச் சாக்குத் தொங்க விடுங்கள். இந்த நாட்களில் சுவர் வெயிலில் காய்ந்து மறுபடி நனைந்தால் விட்ட பிடிப்பு முழுதாகத் திரும்ப வராது.

சுவர் உலரும்போது வெண்பூச்சாக உப்பு வெளியே வந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். காய்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விழும் தூளையும் கூட்டி எடுத்துவிடுங்கள். வருவது நிற்கும் வரை பூச்சைத் தள்ளிப் போடுங்கள். மாதக்கணக்கில் விடாமல் பூத்தால் உப்பைத் தேய்ப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடுங்கள்: மூடிப்போன ஓதத்தடுப்பு, கசியும் குழாய், மேல்மூடி இல்லாத சுவர்த்தலை.