பாரம்பரிய நெல்லுக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையில் இப்போது இளைஞர்கள் பலர் நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து பாரம்பரிய நெல் போடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் காட்டுயானம், நாகைக் கரையோர உப்பு மண்ணிலும் விளையும் குழியடிச்சான் போன்ற ரகங்களை விட்டுவிட்டு, வரும் காலத்துச் சோற்றைப் பற்றிப் பேச முடியாது. ஆனால், முன்பு நாங்கள் பட்ட அதே அடியை இவர்களும் படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. யூரியா போடாதே, மருந்து அடிக்காதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பட்டம் (விதைப்புப் பருவம்) பார்க்காமல் விதைப்பது

பணத்தோடு ஒரு வருடத்தையும் சேர்த்து விழுங்கும் தவறு இதுதான்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு தம்பி, குத்தகை நிலம். போர்வெல் தண்ணீர் இருக்கிற தைரியத்தில், தை அறுவடை முடிந்த கையோடு மாப்பிள்ளைச் சம்பா விதைத்தார். விதைப் பையில் ‘வயது 160 நாள்’ என்று போட்டிருந்தது. ஆனியில் அறுத்துவிடலாம் என்று கணக்கு. வைகாசி பிறந்தது. “அண்ணே, பயிர் ஜம்முன்னு நிக்குது, கதிர்தான் வரல” என்று போன். அதற்குள் யாரோ சொன்னதைக் கேட்டுத் தேமோர் கரைசல், மீன் அமிலம் என்று இயற்கைப் பயிர் ஊக்கி எல்லாம் தெளித்துப் பார்த்திருந்தார்.

போய்ப் பார்த்தேன். இடுப்பளவு உயரம், குறையில்லாத பச்சை. தாய்த்தண்டு ஒன்றைப் பிடுங்கி அடியிலிருந்து பிளேடால் நெடுக்காகக் கீறினேன். கதிர் உருவாகத் தொடங்கியிருந்தால் மேல் கணுவுக்குச் சற்று மேலே வெள்ளையாக, பஞ்சு நுனி மாதிரி ஒன்று தெரியும். அங்கே எதுவும் இல்லை. உரிக்க உரிக்க இலை உறைதான். கோடை முழுக்க மோட்டார் ஓடிய அந்தப் பயிர் கடைசியில் மாட்டுத் தீவனமாகத்தான் போனது.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்றவை நாட்களை எண்ணிப் பூப்பதில்லை. பகல் குறுகினால்தான் பூக்கும். தஞ்சாவூரில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம். டிசம்பர் கடைசியில் 11 மணி 30 நிமிடம். நமக்கு உறைக்காத இந்த ஒன்றேகால் மணி நேரம் பயிருக்கு உறைக்கும். புரட்டாசிக்குப் பிறகு இரவு நீள நீள அது கதிர் கட்ட ஆரம்பிக்கும். தையில் விதைத்தாலோ, பயிர் பூக்கத் தயாராகும்போது பகல் நீண்டுகொண்டே போகிறது. எதைத் தெளித்து என்ன பயன்?

ஆனியில் விதைத்தாலும் சிக்கல்தான். ஆள் உயரம் வளர்ந்து, ஐப்பசி கார்த்திகை மழைக்காற்றில் படுத்துவிடும். ஐப்பசியில் விதைத்தால் பக்கத்தண்டுகள் விட்டுச் சரியாகத் தூர் கட்டுவதற்குள் பூத்துவிடும். அந்த 160 நாள் என்பதே ஆடிக் கடைசியில் விதைத்துத் தை பிறக்கும்போது அறுக்கிற கணக்கு. வேறு பட்டத்துக்கு அது பொருந்தாது.

1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 பகல் நீளத்தைச் சட்டை செய்யாத ரகம். அதன் வழியில் வந்தவற்றைப் போட்டுப் பழகியதால், நெல் என்றாலே வயதை எண்ணினால் போதும் என்று ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத கோபம், பட்டத்தைச் சொல்லாமல் வயதை மட்டும் எழுதி விதை விற்பவர்கள் மேல்தான். வாங்கும்போது “எந்த மாதம் விதைச்சீங்க, எந்த மாதம் கதிர் வந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

குறுவைப் பட்டத்துக்குக் குறுகிய வயதுள்ள பூங்கார், அறுபதாம் குறுவை இருக்கின்றன. கருப்பு அரிசிதான் வேண்டும், சம்பா பட்டம் வரை காத்திருக்க முடியாது என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 57 இருக்கிறது.

தக்கைப்பூண்டை முற்ற விடுவது

பசுந்தாள் உரத்துக்காக விதைக்கிற தக்கைப்பூண்டைப் பூ எடுத்ததும் மடக்கி உழுங்கள். தண்டு நாராகிவிட்டால் சீக்கிரம் மட்காது.

மொத்த நிலத்தையும் ஒரே வருடத்தில் இயற்கை முறைக்கு மாற்றுவது

2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட முடிவெடுத்தது. நவம்பரில் பின்வாங்க வேண்டி வந்தது. அதற்குள் 2021-22 பெரும்போக சாகுபடியில் நெல் விளைச்சல் பலமாக அடி வாங்கியது. மண் பழக அவகாசம் கொடுக்காமல், மாற்று உரத்தையும் கையில் வைத்துக்கொள்ளாமல் எடுத்த முடிவு அது. ஒரு நாட்டுக்கே அந்தக் கதி என்றால் கடன் வாங்கி விவசாயம் பார்க்கிறவர் என்ன ஆவார்? ஒரு துண்டு வயலில் ஆரம்பியுங்கள். இந்தியாவில் இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கே, நெல் போன்ற பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருட மாற்றுக் காலம் கேட்கிறார்கள்.

பார்க்காத வயலில் இருந்து விதை வாங்குவது

கலப்பு இருந்தால் பூக்கிற நாள் முன்னே பின்னே ஆகும், அறுப்பு நாசம். கதிர் நிற்கும்போதே போய்ப் பார்த்துச் சொல்லி வையுங்கள். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கம் நெல் திருவிழாவில், பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஏற்படுத்திய வழக்கப்படி 2 கிலோ விதை வாங்கினால், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 2 கிலோவைத் தனியாக நட்டுப் பெருக்கினால், அடுத்த பட்டத்துக்கு வேண்டிய விதை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

அறுத்த பிறகு மில் தேடுவது

மத்திய அரசின் ஆதார விலையில் நெல்லுக்குச் சன்னம், பொது என்று இரண்டே பிரிவு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கென்று தனி விலை கிடையாது. நல்ல விலை வேண்டுமானால் அரிசியாக்கித்தான் விற்க வேண்டும். பெரிய மில்லில் பத்து மூட்டையைத் தனியாக ஓட்டித் தர மாட்டார்கள். ஓட்டினாலும் சிவப்புத் தவிடு முழுக்கப் போய் வெள்ளை அரிசியாக வந்து நிற்கும். உமியை மட்டும் நீக்கித் தருகிற சின்ன மில் பக்கத்தில் எங்கே இருக்கிறது, மூட்டைக்கு என்ன கூலி என்பதை நாற்று விடும்போதே விசாரித்து வையுங்கள்.