வீட்டு வைஃபை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை நகரின் ஒழுங்கைகளில் மதிலோடு மதில் ஒட்டி நிற்கும் வீடுகளில், ஒருவருடைய வைஃபை அலை அயல்வீடுகளுக்குள்ளும் தாராளமாகப் போய்வருகிறது. அதைக் காப்பது கடவுச்சொல் மட்டுமே. ஆயினும் பலர் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்துவிடுகிறார்கள். பத்து இலக்கங்கள் இருப்பதால் அது வலுவானதாகத் தோன்றலாம். ஆனால் 026 என்ற பிரதேசக் குறியீடு ஊரறிந்தது என்பதால், எஞ்சிய ஏழு இலக்கங்களில் அமையக்கூடியவை அதிகபட்சம் ஒரு கோடி எண்களே. திருட வருபவர் படலைக்கு வெளியே நின்று அவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசி ரவுட்டருடன் இணையும் கணத்தில் பரிமாறப்படும் தரவைப் பதிவுசெய்துகொண்டு போய், தம்முடைய கணினியில் ஆறுதலாகச் சோதிக்கிறார். நல்ல வரைகலை அட்டை உள்ள கணினிக்கு அது சில நிமிட வேலை. வைஃபை தொடர்பைக் காக்கும் டபிள்யூபிஏ2 என்ற குறியாக்க முறை 8 முதல் 63 எழுத்துகள் வரையான கடவுச்சொல்லை ஏற்கும். ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைப்பதே நல்லது.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றியவர்களிலும் பலர், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது இத்தகைய இயல்புநிலைக் கடவுச்சொற்களைக் கொண்டுதான். உள்ளே நுழைந்த ஒருவர், தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கண்டுசொல்லும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்பவரையும் போலித் தளத்துக்கு அனுப்ப முடியும்.

பொத்தானை அழுத்தி அல்லது பின் (PIN) இலக்கம் கொடுத்து இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணித்துப் பெறப்படுவதும் சேர்ந்து, முயன்று பார்க்க வேண்டியவற்றை வெறும் 11,000 ஆகக் குறைத்துவிடுகின்றன. இந்தக் குறை 2011இலேயே வெளிப்பட்டது.

வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று சொல்லப்படுவதுண்டு. என் பார்வையில் அது வீண் வேலை: மறைத்த பெயரை உங்கள் கைத்தொலைபேசியே போகுமிடமெல்லாம் கூவித் தேடும். எளிதில் உடைபடும் பழைய குறியாக்கமான டபிள்யூஈபி முறையை மட்டுமே அறிந்த பழைய ரவுட்டரைத் திருத்திப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்கள் செய்யும் தவறு வேறு. வீட்டுக் கடவுச்சொல்லையே அட்டையில் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். அதனால் முன்பின் அறியாதவரின் மடிக்கணினியும் வீட்டின் சிசிரிவி பதிவுப் பெட்டியும் ஒரே வலையமைப்பில் வந்துவிடுகின்றன. பெரும்பாலான புதிய ரவுட்டர்களில் விருந்தினருக்கான தனி வலையமைப்பு உண்டு. அதை இயக்கி, அதிலுள்ளவை வீட்டுக் கருவிகளை அணுகாதபடி தடுத்துவிட்டால், பருவம் முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும், வீட்டாரின் கருவிகளில் எதையும் தொட வேண்டியதில்லை.