தேர்தலில் முறைகேடு என்று சொல்வதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

வாக்கு எண்ணி முடித்த வாரத்தில் ஈரோட்டிலோ திருப்பூரிலோ எந்தப் பேக்கரியில் டீ குடிக்க நின்றாலும், தோற்ற கட்சிக்காரர் இயந்திரத்தின் மீது பழி போடுவதும், வென்ற கட்சிக்காரர் அதை வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடுவதும் காதில் விழும். அந்தப் பேச்சை ஓர் அதிகாரியோ நீதிமன்றமோ பதில் சொல்லியே தீர வேண்டிய புகாராக மாற்றும் வழியைப் பலர் அறிந்திருக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

யார், எங்கே, எந்தத் தேதியில் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். தேர்தல் வழக்கில் ஊழல் செயலைக் குற்றம் சாட்டுபவர், செய்தவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றை இயன்றவரை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 83ஆம் பிரிவே கேட்கிறது. உங்கள் கட்சிக்காரர் சொல்லும் குற்றச்சாட்டிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அவரிடம் கேட்கத் தயங்குகிறவருக்கு எதிர்க்கட்சிக்காரரிடம் கேட்கும் தகுதி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரம் பற்றிய சந்தேகத்துக்குப் படிவம் 17சி அடிப்படை ஆவணம். வாக்குப்பதிவு முடிந்ததும், அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்குகளை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் இதில் எழுதிக் கையொப்பமிட்டு, அங்கிருக்கும் வேட்பாளர்களின் முகவர்களுக்கு (பூத் ஏஜென்ட்) நகல் தர வேண்டும். பூத் ஏஜென்ட் அந்த நகலை வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், எண்ணும் நாளில் ஒப்பிட அவருடைய தரப்பிடம் எதுவும் இருக்காது. படிவத்தில் உள்ள எண்ணும் எண்ணும்போது இயந்திரம் காட்டும் எண்ணும் வேறுபட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காலையில் முகவர்கள் முன்னிலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்குகள் போடப்படும்; அவற்றை அழிக்க மறந்துவிட்டு உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிய சாவடிகளில் எண்ணிக்கை கூடுதலாகவே காட்டும். அத்தகைய இயந்திரம் தனியே ஒதுக்கி வைக்கப்படும். வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடிகளின் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் விவிபாட் சீட்டுகள், அதாவது ஒவ்வொரு வாக்கும் யாருக்கு விழுந்தது என்று இயந்திரத்தோடு இணைந்த கருவி அச்சிட்ட காகிதச் சீட்டுகள், எண்ணப்படும். வித்தியாசம் எவ்வளவு, காரணம் என்ன என்று எண்ணும் மேசையிலேயே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பணப் பட்டுவாடா பற்றிய புகாருக்குத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற கைப்பேசிச் செயலி உண்டு. சம்பவ இடத்தில் நின்று அந்தச் செயலியிலேயே எடுத்த படமோ வீடியோவோதான் ஏற்கப்படும். வாட்ஸ்அப்பில் வந்ததை அதில் ஏற்ற முடியாது. 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்துக்கொண்டுள்ள இலக்கு.

பிடிபட்ட பணமெல்லாம் வாக்குக்குக் கொடுக்க வந்த பணம் என்று எண்ணுவதும் தவறு. தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுசெல்ல முடியாததால், ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு வரும் வியாபாரிகளும் பறக்கும் படையிடம் சிக்குகிறார்கள். 2016 மே மாதம் திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. பாரத ஸ்டேட் வங்கி அது தன் பணம் என்றது. எதிர்க்கட்சி நீதிமன்றம் சென்றதால் சிபிஐ முதற்கட்ட விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதத்தில் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சித் தொகுதியில், வருமான வரித்துறைச் சோதனைகளும் பார்வையாளர்களின் அறிக்கைகளும் கையில் இருந்ததால், தேர்தல் ஆணையம் அங்கு வாக்குப்பதிவையே ரத்து செய்தது. நவம்பர் 19 அன்றுதான் அங்கே வாக்குப்பதிவு நடந்தது. ஆதாரம் சேர்ந்த இடத்தில் நடவடிக்கை வந்தது என்பதைக் கொங்கு நாட்டு வாக்காளர்கள் மறக்கக் கூடாது.

முடிவு அறிவித்த பிறகு மிஞ்சும் வழி, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான். வேட்பாளர் மட்டுமல்லாமல் அத்தொகுதியின் எந்த வாக்காளரும் 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்டி வழக்குத் தொடரலாம். கெடு 45 நாள். தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்காது. எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல்களிலும் உண்மை நகல் என்று மனுதாரரே கையொப்பமிட வேண்டும். இதில் தவறினால் விசாரணைக்கு முன்பே மனு தள்ளுபடியாகலாம் என்பதால், முடிவு வந்த முதல் வாரத்திலேயே தேர்தல் வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள்.