வெட்சூட் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெட்சூட் அணிந்து தண்ணீரில் இறங்குபவர் நனையத்தான் செய்வார். உடல் குளிர்ந்துபோகாமல் காப்பதே அந்த உடையின் வேலை. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடற்சூட்டைக் கடத்துகிறது. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் இந்த இழப்பைக் குறைக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் நவீன வெட்சூட்டுக்கு வழிவகுத்த அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்ட உண்மையும் இதுதான். உடைக்கும் தோலுக்கும் இடையில் புகுந்த சிறிதளவு நீர் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிட்டால் குளிர் தெரியாது. உடை தளர்வாக இருந்தாலோ, ஒவ்வொரு அசைவிலும் அந்த நீர் வெளியேறிக் குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, தளர்ந்து தொங்கும் 5 மி.மீ. உடையைவிட உடலோடு ஒட்டி நிற்கும் 3 மி.மீ. உடையே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

எனவே, முடிந்தவரை அணிந்து பார்த்தே வாங்குங்கள். புதிய வெட்சூட்டை அவசரப்பட்டு மாட்ட முடியாது. காலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் துணி வழுக்கிக்கொண்டு ஏறும். நகம் பட்டால் நியோப்ரீன் கிழிந்துவிடும் என்பதால், விரல் நுனியால் இழுக்காமல் விரல்களின் உட்பகுதியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். கவட்டைப் பகுதி சரியாகப் பொருந்திய பிறகே கைகளை நுழைக்க வேண்டும். அங்கே இடைவெளி விட்டுவிட்டால் தோள்பட்டை இழுபட்டு, உடையே சிறியது என்று தவறாக நினைக்க நேரிடும். ஜிப்பை மூடியபின் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள், குந்தி எழுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். அதன்பின் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பு உள்வளைந்திருக்கும் இடத்தில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். அங்கே கைப்பிடி அளவுக்குத் துணி திரண்டு வந்தால், நீர் குளம்போலத் தேங்கப்போவது அங்கேதான். அக்குளும் முழங்காலின் பின்புறமும் அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை. கழுத்துப்பட்டை விரல் நுழைய இடமின்றி ஒட்டியிருக்கலாம், ஆனால் தொண்டையை அழுத்தக் கூடாது. கடையில் சற்று இறுக்கமாகத் தோன்றும் உடை நனைந்ததும் கொஞ்சம் இளகும். கடையிலேயே வசதியாகத் தோன்றும் உடை பெரும்பாலும் ஒரு அளவு பெரியதாகத்தான் இருக்கும்.

தடிமனைப் பொறுத்தவரை, 3/2 என்ற குறிப்பு மார்பும் முதுகும் 3 மி.மீ., கைகால்கள் 2 மி.மீ. என்று பொருள்படும்; கைகால்களை எளிதாக அசைப்பதற்காகவே அங்கே மெல்லிய துணி வைக்கிறார்கள். நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் 2 மி.மீ. உடையோ, கைகால் குட்டையான உடையோ பலருக்குப் போதும். 15 முதல் 18 பாகை வரை 3/2 முழு உடையும், அதற்குக் கீழே 4/3 உடையும், 10 பாகையை நெருங்கும்போது தலையுறை, கையுறை, காலுறையோடு கூடிய 5/4 உடையும் தேவைப்படும். எளிதில் குளிர் தாக்கும் உடல்வாகு கொண்டவர்கள் ஒரு படி தடிமனானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்த விளையாட்டுக்கு என்பதும் தேர்வை மாற்றும். சர்ஃபிங் செய்பவருக்குத் தோள் தடையின்றிச் சுழல வேண்டும், முழங்காலில் தேய்மானம் தாங்கும் பட்டை இருக்க வேண்டும். கயாக் ஓட்டுபவர் கையில்லாத உடையை விரும்புவார். காற்றில் நின்று பாய்மரப் பலகை ஓட்டுபவருக்கு, மார்புப் பகுதியில் வழவழப்பான ரப்பர் மேற்பரப்பு உள்ள உடை உகந்தது. துணி போர்த்திய மேற்பரப்பு நீரைப் பிடித்துவைத்துக் காற்றில் குளிர வைக்கும். ஸ்கூபா முக்குளிப்பவர் மட்டும் தனிக் கணக்குப் போட வேண்டும்: 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால் குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்து, வெப்பக் காப்பும் மிதவைத்திறனும் ஒருசேரக் குறைகின்றன. அதனால் மேற்பரப்பு நீரின் வெப்பநிலையை மட்டும் பார்த்து அவர் வாங்கக் கூடாது.

தையலையும் கூர்ந்து பாருங்கள். ஊசி இருபுறமும் துளைத்துச் சென்ற தட்டைத் தையல் வழியே நீர் கசியும் என்பதால் அது வெதுவெதுப்பான நீருக்கு மட்டுமே ஏற்றது. ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபுறம் வராமல் தைத்தவையே குளிர்நீருக்கு உரியவை. முதுகு ஜிப் மாட்டிக் கழற்ற எளிது, மார்பு ஜிப்பில் நீர் புகுவது குறைவு.

பழைய உடையை வாங்குவதாக இருந்தால், தோள்பட்டையில் நியோப்ரீனை இரு விரல்களுக்கிடையே அழுத்தி விடுங்கள். துணி உடனே பழைய தடிமனுக்குத் திரும்பினால் குமிழ்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தட்டையாகவே கிடந்தாலோ, மடிப்புகளில் வெடிப்புக் கோடுகள் தென்பட்டாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.