புது லேப்டாப்பில் யார் பெயரில் கணக்கு இருக்கிறது?

ஜூன் பிறந்தால் எங்கள் சர்வீஸ் கடைக்குப் புது முகங்கள் வரத் தொடங்கும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள், துணைக்கு அப்பாவோ அம்மாவோ. லேப்டாப் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. "அண்ணே, ஆபீஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருள். சில வீடுகளில் நகையை அடகு வைத்து வாங்கியது.

மதுரையில் பதினான்கு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் செய்துவைத்திருக்கும் தவறுகளில் பாதி, நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்தவை. மீதிப் பாதி நானே வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுத்தவை. கீழே போடாதே, மெத்தைமேல் வைத்து ஓட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எர்த் முனையை ஒதுக்குவது

விடுதி அறையில் இருப்பது ஒரே சாக்கெட், அதிலும் மூன்று முனை சரியாக உட்காராது. உடனே இரண்டு முனை கன்வர்ட்டர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஒரு தம்பி எர்த் முனையை ஹேக்சா பிளேடால் அறுத்தே கொண்டுவந்தான். இரண்டு நாளில் அடுத்த புகார் வரும்: "உலோக மூடியைத் தொட்டா சுருசுருங்குது."

அது பிரமை இல்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. அவை வழியாகக் கசியும் கொஞ்ச மின்சாரம் எர்த் கம்பியில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் அது லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். நீங்கள் தொட்டால் உங்கள் விரல் வழியாகத் தரைக்குப் போகும். கசிவு மிகச் சிறியதுதான். ஆனால் அந்த நிலையில் புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, போர்ட் செத்துப்போன லேப்டாப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பழைய வீடுகளில் சுவரில் மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேமராவுக்குத் தடித்த மூடி

ஒட்டாதீர்கள். மூடும்போது திரை அதன்மேல் அழுந்தி விரிசல் விடும். 2020ல் ஆப்பிள் நிறுவனமே தன் மேக்புக் பயனர்களுக்கு இதை எச்சரிக்கையாக வெளியிட்டது.

கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கு

இதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். வாரத்துக்கு ஒரு முறையாவது இது என் மேசைக்கு வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

புது லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்ததும் விண்டோஸ் 11 இணைய இணைப்பைக் கேட்கும், மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்கும். கடையில் கூட்டம் நிற்கிறது. விற்பனைப் பையன் "நானே செட் பண்ணித் தர்றேன் சார்" என்று வாங்கிக்கொள்வார். அந்த நேரத்துக்குத் தோன்றிய ஒரு மின்னஞ்சல் முகவரியைப் புதிதாகத் திறந்து, ஒரு பாஸ்வேர்டு அடித்து, நான்கு இலக்கப் பின் நம்பரும் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவருக்குத் தெரிந்தது அந்தப் பின் மட்டும். தினமும் நான்கு எண்ணைத் தட்டினால் திறக்கிறது. இரண்டு வருடம், மூன்று வருடம் எந்தக் குறையும் தெரியாது.

இப்போது வரும் லேப்டாப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடும். 2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள். அதனால் விலை குறைந்த மாடல்களிலும் இந்தப் பூட்டு சர்வசாதாரணமாக விழுகிறது. விழுந்ததாக உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள்.

சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியிடம் இருக்கும். அது மதர்போர்டிலோ பிராசஸருக்குள்ளேயோ இருப்பது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், பயாஸும் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பூட் அமைப்பும் நேற்று இருந்தபடியே இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அது சாவியைக் கொடுக்கும். பயாஸை அப்டேட் செய்தாலோ, லினக்ஸ் போடுவதற்காக, அங்கீகரிக்காத மென்பொருளோடு கணினி எழாமல் தடுக்கும் 'செக்யூர் பூட்' வசதியை அணைத்தாலோ அதற்குச் சந்தேகம் வந்துவிடும். மதர்போர்டையே மாற்றினால் சொல்லவே வேண்டாம். அப்போது ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. பின் நம்பர் அங்கே செல்லாது.

அந்த 48 எண்களும் மைக்ரோசாப்ட் கணக்கில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கு யாருடையது என்பதில்தான் சிக்கல்.

போன வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊர்களில் மூன்று வருடம் அலைந்து ஒப்பாரிப் பாடல்களைப் பதிவு செய்தவர். நடுவில் லேப்டாப் ஆன் ஆகாமல் போயிருக்கிறது. வாரண்டியில் கொடுத்திருக்கிறார், அவர்களும் நேர்மையாகவே மதர்போர்டை மாற்றித் தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் நீலத் திரை. டிஸ்க் நன்றாக இருக்கிறது, பதிவுகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன, திறக்க வழியில்லை. வாங்கிய கடைக்கு நானே அவருடன் போனேன். கணக்குத் திறந்து கொடுத்த பையன் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. போனில் பிடித்தோம். "அக்கா, ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு லேப்டாப் செட் பண்ணுவோம், எந்த மெயில்னு எப்படிக்கா சொல்றது?" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாணவி மறுபடியும் அதே ஊர்களுக்குப் போனார். அவருக்குப் பாடிக்காட்டிய பாட்டிகளில் இரண்டு பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

திட்ட வாய் வராததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். கடைக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலேயே கணக்கு. அன்றைய சாதாரண மாடல்களில் பெரும்பாலும் டிஸ்க் பூட்டு கிடையாது. என்ன கெட்டுப்போனாலும் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஃபைல்கள் வந்துவிடும். அந்தத் தைரியத்தில் பழகிய கை. 2022ல் ஒரு ஆசிரியையின் லேப்டாப்பில் ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது என்று பயாஸை அப்டேட் செய்தேன். பூட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை, சாவி எங்கே என்று கேட்கவில்லை. நீலத் திரை வந்தது. வேறு யாரோ திறந்து கொடுத்த கணக்கு. ஆசிரியையின் மகளுடைய கல்யாணப் படங்கள் உள்ளே இருந்தன. வேலைக்குக் காசு வாங்கவில்லை, வேறென்ன செய்ய முடியும்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, உங்கள் டிஸ்கின் சாவியும் அவர் கையில். வீட்டுச் சாவியைக் கட்டிய கொத்தனாரிடமே விட்டுவிட்டு, கதவு திறந்திருக்கிற நேரத்தில் மட்டும் நாம் உள்ளே போய்வருகிற மாதிரி.

இன்றைக்கே பாருங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குள் யுவர் இன்ஃபோ என்ற பக்கத்தைத் திறந்தால், எந்த மின்னஞ்சலில் கணக்கு ஓடுகிறது என்று தெரியும். அது உங்களுடையதாக இருந்தால், அதே கணக்கில் மைக்ரோசாப்ட் இணையதளத்துக்குள் போய், உங்கள் சாதனங்களின் பட்டியலில் ரெகவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். 48 எண்களையும், அதோடு வரும் கீ ஐடியையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்துவைத்தால் பயனில்லை. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி கிடக்கும்.

கணக்கு உங்களுடையது இல்லையா? பதறவேண்டாம், லேப்டாப் இப்போது திறக்கிறதல்லவா, அதுவே போதும். முதலில் முக்கியமான ஃபைல்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். பிறகு சார்ஜரை மாட்டிவிட்டு, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணையுங்கள். பூட்டு முழுவதும் அவிழ நேரம் பிடிக்கும். முடியும்வரை காத்திருங்கள். அவிழ்ந்த பிறகு யுவர் இன்ஃபோ பக்கத்தில் லோக்கல் அக்கவுண்ட்டுக்கு (அந்த லேப்டாப்புக்கு மட்டுமான கணக்கு) மாறி, அதன்பின் உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே வாருங்கள். கடைசியாக என்கிரிப்ஷனை மறுபடி ஆன் செய்து, புதுச் சாவி உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த முகவரியில் கணக்கு இருந்தால் சாவி அவர்களிடம் இருக்கும். படிப்பு முடிந்து அந்த முகவரி போவதற்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதுக்கு, பூட்டையே எடுத்துடுங்க அண்ணே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் எடுப்பதில்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ பை தொலைந்தால், ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், வீட்டுப் படங்கள் எல்லாம் அந்நியர் கையில் போகாமல் காப்பது அந்தப் பூட்டுதான். பூட்டு இருக்கட்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

இரவல் கிராக்

ஆபீஸோ விண்டோஸோ, காசு கட்டாமல் ஓடவைக்க 'ஆக்டிவேட்டர்' என்று பென் டிரைவில் வருவதைப் போடாதீர்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிற மென்பொருளை உள்ளே விடுவது எப்படிச் சரியாகும்?

ஒன்டிரைவை பேக்கப் என்று நம்புவது

புது விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் தாமாகவே ஒன்டிரைவுக்குப் போகத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபி. அது நிரம்பியதும் எச்சரிக்கை வரும். பிள்ளைகள் இணையத்தில் போய் "அங்கேதானே இருக்கு, லேப்டாப்ல ஒரு காப்பி இருக்குமே" என்று அழிப்பார்கள். லேப்டாப்பிலும் அழியும். அது ஒத்திசைவு, இரண்டு இடத்திலும் ஒரே ஃபைல். முப்பது நாளுக்குள் வந்தால் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டுவிடலாம். அதன்பிறகு லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்கிலிருந்து மீட்டுத் தரச் சொன்னால், என்னால் மட்டுமல்ல, யாராலும் உறுதி சொல்ல முடியாது. அழித்த இடத்தை டிஸ்க் தானே துடைத்துவைத்துவிடும். மாதம் ஒருமுறை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள், எடுத்ததும் கழற்றி வையுங்கள்.

பாமினியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்

வேண்டாம். பாமினி பழைய தமிழ் எழுத்துரு, அது இல்லாத கணினியில் திறந்தால் எழுத்தே புரியாது. யூனிகோடில் அடியுங்கள்.

நாள் முழுக்க 100 சதவீதத்தில்

ஐடி வேலைக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்போது சார்ஜரைக் கழற்றுவதே இல்லை. ஓவர்சார்ஜ் ஆகாதே என்பார்கள். ஆகாதுதான். ஆனால் லித்தியம் அயான் பேட்டரிக்கு நிறைந்த வயிறும் வெக்கையும் சேர்ந்தால் ஆகாது. சித்திரை மாதம் மதுரை மொட்டைமாடி அறையில் ஃபேன் காற்றே சுடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் செயலியிலேயே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி கொடுத்திருக்கிறார்கள், ஆன் செய்துவிடுங்கள்.

டச்பேட் திடீரென்று அமுங்கவில்லையா, அடிமூடி ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அமுக்காமல் குத்தாமல் கொண்டுவாருங்கள். வீங்கிய பேட்டரியோடு நான்கு மாதம் ஓட்டியவரைப் பார்த்திருக்கிறேன். எரியாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம்.

டீ கொட்டியதும் ஆன் செய்து பார்ப்பது

கொட்டியதைவிட, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று அமுக்குகிற அந்த ஒரு அமுக்கல்தான் போர்டைக் கொல்கிறது. பவர் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அழுத்தி அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். திரையை விரித்து, கீபோர்டு தரையைப் பார்க்க, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். அணைத்துவைத்தாலும் பேட்டரியிலிருந்து போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். பாலும் சர்க்கரையும் ஈரத்தோடு சேர்ந்து அங்கே அரிக்கத் தொடங்கும். இரண்டு நாள் காயவிட்டு வருகிறவர்களின் போர்டில் பச்சை பூத்திருக்கும். அன்றைக்கே திறந்து பேட்டரியைத் துண்டித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவினால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு.

கொண்டுவரும்போது என்ன கொட்டியது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அதன்பின் எத்தனை தடவை ஆன் செய்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். "தானா நின்னுபோச்சு" என்றால் நான் ஸ்க்ரூ கழற்றுவதற்கு முன் சார்ஜரை மாட்டித்தான் சோதிப்பேன்.